பேசாமல் வந்த பஸ்

இருதயராஜ் ஓட்டும் கம்பெனி பஸ், வந்தவாசி வட்டாரத்திலேயே வாய் நீளமான பஸ் என்று பெயர் வாங்கியது. ஐம்பது பெண்கள் ஏறுவார்கள். ஐம்பது பேருக்கும் சொல்ல விஷயம் இருக்கும், ஒருத்திக்கும் கேட்கப் பொறுமை இருக்காது. நாத்தனார் சண்டை, ரேஷன் கடை எண்ணெய், போன வாரம் சீரியலில் செத்துப்போனவள் இந்த வாரம் எப்படி நடந்து வந்தாள் என்கிற தகராறு, எல்லாமே பெரிய ஏரிக்கரை வருவதற்குள் ஒருமுறை அலசிக் காயப்போடப்பட்டுவிடும். விடியாத பொழுதில் வயல் நடுவே அந்த பஸ் வந்தால் முதலில் சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் வெளிச்சம் வரும். "உன் வண்டிக்கு எதுக்குய்யா ஹாரன்?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். இருதயராஜுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்ட பஸ் வாயடைத்துப் போனது, கம்பெனி வாசலில் ஒரு கண் வைத்த பிறகு.

கண் என்றால் கண்ணேதான். சுழல்கதவுக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. வேலைக்கு வருகிறவர்கள் அதன் எதிரே நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். கண்பாப்பா எப்படிச் சுருங்குகிறது, இமை எவ்வளவு மெத்தனமாக இறங்குகிறது என்பதை வைத்து அது ஆளின் அசதியைச் சொல்லிவிடும். பச்சை எரிந்தால் தாராளமாக உள்ளே போகலாம். மஞ்சள் எரிந்தால் ஜாக்கிரதையாகப் போகலாம். சிவப்பு எரிந்தால் கதவு சுழலாது. அன்றைக்கு வேலை இல்லை, வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவது சிவப்பு விழுந்தால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்களைச் செய்து ஊருக்கெல்லாம் விற்பதே அந்தக் கம்பெனிதான். வில்லையைத் துடைத்து, அடுக்கி, பசை வைத்து மூடி அனுப்புகிறவர்கள் இந்தப் பெண்கள்தான். "நாம செஞ்சு அனுப்பினதே நம்மள நிக்கவெச்சு மொறைக்குது பாரு" என்றாள் வேதவல்லி முதல் நாள். அடுத்த நாள் அவளே அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் முகத்தைப் பார்த்ததுமே குற்றம் கண்டுபிடிக்கிறதே, வேறென்ன பெயர் வைப்பது? பெயர் ஒரே வாரத்தில் கம்பெனி முழுக்கப் பரவி, வாசல் காவலாளிகூட "மாமியாரப் பாத்துட்டுப் போம்மா" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மாமியாருக்கு ஆண்களிடம் கொஞ்சம் தாட்சண்யம் இருந்தது. வேண்டுமென்று காட்டிய தாட்சண்யம் இல்லை. ஆண்கள் எழுந்ததும் பல் தேய்த்து, யாரோ நீட்டிய டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். பெண்கள் அந்த டிபன் டப்பாவை நிரப்பி, தண்ணீர் பிடித்து வைத்து, பிள்ளைக்குச் சீருடை தேடி எடுத்து வைத்துவிட்டு வந்து இறங்கினார்கள். மாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. அது பார்த்தது கண்ணை மட்டும்தான்.

அதிகம் மாட்டிக்கொண்டவள் தமயந்தி. இருதயராஜின் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் ஏறுகிற ஒல்லிப் பெண். புருஷன் ஓசூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன், வந்தால் வருவான். பையனுக்கு இழுப்பு. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து ராத்திரியில் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் அவனை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். அதோடு நேராக பஸ் ஏறி வருவாள். இரண்டு சிவப்பு ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் போச்சு. பிள்ளைக்கு மருந்து வாங்குகிற ஒரே வழியும் அடைந்துவிடும்.

இரண்டாவது சிவப்பு விழுந்த மறுநாள் வேதவல்லி பஸ்ஸின் நடுவில் எழுந்து நின்றாள். வேதவல்லிக்கு மைக் வைத்த குரல். அன்றைக்கு அதைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"இன்னியிலேர்ந்து பஸ்ஸுல யாரும் பேசக்கூடாது. ஏறினா தூங்கணும். தூக்கம் வராதவ வாய மூடிக்கினு பக்கத்துல இருக்கறவளுக்குத் தோளு குடுக்கணும்."

"பேசாம எப்டிக்கா வர்றது? வாயி புண்ணாப்பூடும்" என்றாள் பின் சீட்டில் ஒருத்தி.

"ஆவட்டும். தமயந்திக்கு வேல போனா ஒன் வாயி வந்து சோறு போடுமா?"

அதற்குப் பிறகு ஒருத்தியும் மறுப்பு சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனைதான் வந்தது. ஜன்னலுக்குப் பழைய துப்பட்டாவில் திரை கட்டினார்கள். போனையெல்லாம் ஊமையாக்கினார்கள். இருதயராஜும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான்.

"பின்னாடி சக்கரத்து மேல உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும்மா. நடு சீட்டுதான் ஆட்டம் கம்மி. ரொம்ப அசதியா கீறவங்கள அங்க போடுங்க."

அப்படித்தான் பஸ்ஸில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஏறும்போதே வேதவல்லி ஒவ்வொருத்தி முகத்தையும் பார்ப்பாள். மாமியார் பார்ப்பதற்கு முன்னால் இவள் பார்வை. கண் சிவந்து வந்தவளுக்கு நடு சீட்டு, நன்றாகத் தூங்கி வந்தவளுக்குப் பின் சீட்டு. நேற்று நடு சீட்டில் உட்கார்ந்தவள் இன்று தானாகவே பின்னால் போய்விடுவாள். "எனக்கு வேணும்" என்று ஒருத்தி சண்டை போட்டதில்லை. தண்ணீர்க் குழாயில் குடத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற அதே பெண்கள்தான். இருதயராஜ் கண்ணாடியில் பார்த்து மனசுக்குள் கைகூப்புவான். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறான், இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.

அவனும் சளைக்கவில்லை. வேகத்தடை வருவதற்கு வெகு முன்னாலேயே வண்டியை அடக்கி, பாலில் ஆடை கலையாமல் இறக்குவதுபோல் இறக்குவான். குண்டும் குழியுமான குறுக்கு வழியை விட்டுவிட்டு, கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று புதுத் தார் ரோட்டில் போவான். பலனும் தெரிந்தது. தமயந்திக்கு மஞ்சள் விழுந்தது, சில நாள் பச்சைகூட விழுந்தது. பச்சை விழுகிற நாளில் அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, பஸ்ஸைப் பார்த்து ஒரு சின்ன சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து வேகத்தடை போட்டாலும் தாண்டலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

வேகம் குறைந்தால் நேரம் பிசகாதா? பிசகியது. ஒருநாள் மனிதவளப் பிரிவு அதிகாரி நிர்மல் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். இளவயசு, இஸ்திரி கலையாத சட்டை, பேச்சில் மரியாதை உள்ள மனிதர். கையில் சுருட்டிய சுவரொட்டிகள். பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டிரைவர், தினமும் லேட்டாகுதே?"

இருதயராஜ் தலையைச் சொறிந்தான். வேதவல்லி குறுக்கே புகுந்தாள்.

"எங்களுக்காகத்தான் சார் மெதுவா வர்றாரு. நாங்க தூங்கறோம். ஒங்க மாமியாருக்குப் பயந்துகினு."

நிர்மல் சிரித்துவிட்டார். "அது உங்க நல்லதுக்குத்தாம்மா. போன வருஷம் ஒரு பொண்ணு அசதியில அச்சுக்குள்ள விரலை விட்டுட்டா. நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இன்னும் எனக்கு அது கனவுல வருது. அசந்துபோன ஆள் கையில மெஷினைக் குடுக்கிறது பாவம். அதுக்குத்தான் அந்தக் கண்ணு. ஆம்பளை, பொம்பளை, தெரிஞ்சவன், தெரியாதவன்னு எந்தப் பாகுபாடும் அதுக்குக் கிடையாது. அந்த விஷயத்துல மனுஷனைவிட நேர்மை."

"நேர்மதான் சார். ஆனா காலைல எழுந்து சோறாக்கினது யாருன்னு அதுக்குத் தெரியுமா?"

"அது வீட்டு விஷயம்மா. கம்பெனி அதுல எப்படித் தலையிடும்?"

"வூட்டு வேலையில வந்த அசதிய மட்டும் கம்பெனி கணக்குல சேத்துக்குதே?"

நிர்மல் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பார். கையிலிருந்த சுவரொட்டியில் ஒன்றைப் பிரித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, "நேரத்துக்கு வரப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். எல்லா பஸ்ஸிலும் ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். மஞ்சள் தாளில் கொட்டை எழுத்து: *அசதி ஆளைக் கொல்லும். சிவப்பில் உள்ளவர் இயந்திரத்தை இயக்கக் கண்டால், யாரும் உடனே அதை நிறுத்தலாம். நிறுத்தியவர்மீது நடவடிக்கை இல்லை.*

இருதயராஜ் அதைப் படித்தான். படித்துவிட்டு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பையில் பச்சை மிளகாய் இருந்தது.

அந்த மிளகாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் கம்பெனி ஆள் இல்லை, பஸ் காண்டிராக்டரின் ஆள். நகரத்தில் தானாகவே ஓடுகிற பஸ்கள் வந்துவிட்டன. இந்தப் பக்கத்துக்கு அவை வராததற்குக் காரணம், ஏரிக்கரையில் எருமை குறுக்கே வந்து நின்றால் அவற்றுக்கு என்ன செய்வது என்று தெரியாது. அதைவிடப் பெரிய காரணம், இருதயராஜ் அவற்றைவிட மலிவு. முன்பு இந்தத் தடத்துக்கு இரண்டு டிரைவர்கள். காண்டிராக்டர் ஒருவனைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் நடையையும் இருதயராஜ் தலையில் கட்டிவிட்டார். காலை ஷிப்ட்டை இறக்கிவிட்டு ஆபீஸ்காரர்களை ஏற்றி வர வேண்டும், மதியம் ஒரு நடை, இருட்டிய பிறகு இன்னொரு நடை. நடுவில் வெயிலில் காய்கிற பஸ்ஸுக்குள் துண்டை விரித்துப் படுத்தால் தூக்கம் வருமா, வேர்வைதான் வரும்.

அசதி அவனுக்குப் புதிது இல்லை. ஆனால் முன்பெல்லாம் பின்னால் ஐம்பது பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். சீரியலில் செத்தவள் எப்படி உயிரோடு வந்தாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவனுக்குக் கண் எப்படிச் செருகும்? அவனே நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்வான், நாலு பேர் அவனைத் திட்டுவார்கள், ஏரிக்கரை வந்துவிடும். இப்போது அந்தப் பேச்சு போய்விட்டது. இருட்டு, இன்ஜினின் ஒரே சீரான தாலாட்டு, பின்னால் ஐம்பது பேரின் மூச்சு. தூக்கம் தொற்றுவியாதி மாதிரி முன் சீட்டு வரைக்கும் வந்தது. அதனால்தான் மிளகாய். கண் செருகும்போதெல்லாம் ஒன்றைக் கடிப்பான். காதிலிருந்து புகை வரும், கண்ணில் தண்ணீர் வரும், கொஞ்ச தூரம் ஓட்டலாம்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். யாரிடம் சொல்வது? காண்டிராக்டரிடம் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வேறொருவனைக் கூப்பிடுவார். பெண்களிடம் சொன்னால் அவர்கள் பேசத் தொடங்குவார்கள். பேசினால் தமயந்திக்குத் தூக்கம் போகும், தூக்கம் போனால் மூன்றாவது சிவப்பு. வேலையை அவளுக்குக் காப்பாற்றிக் கொடுப்பது தன் கையில் இருக்கிறது என்று அவன் நம்பினான். அதே கையில் ஐம்பது உயிரும் இருக்கிறது என்பதை அவன் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

ஆனால் ஏரிக்கரை அவனை விடவில்லை. ஒருநாள் மிளகாயும் கைவிட்டது. கண் மூடியது அவனுக்குத் தெரியாது. திறந்தது மட்டும்தான் தெரிந்தது. வலது பக்கச் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கி, ஏரித் தண்ணீர் கண்ணாடிக்கு நேர் எதிரே பளபளத்தது. ஒடித்து இழுத்தான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ரோட்டுக்கு வந்தது. பின்னால் நாலைந்து பேர் முனகித் திரும்பிப் படுத்தார்கள். நடு சீட்டில் தமயந்தி கண்ணைத் திறக்கவே இல்லை.

அன்றைக்குப் பார்த்துத் தமயந்தி டிபன் பையை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். பையைப் பார்த்ததும் இவன் எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் கதவைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கம்பிக்கு மேலாகப் பையை நீட்டுவதற்காக இருதயராஜ் கதவருகே போய் நிமிர்ந்தான். இதுவரை அந்த வாசலுக்கு அவன் வந்ததே இல்லை. காண்டிராக்டர் ஆட்களுக்கு அங்கே வேலையும் இல்லை. மாமியாருக்கு அதெல்லாம் தெரியுமா? எதிரே ஒரு முகம் வந்தது, பார்த்துவிட்டது.

சிவப்பு. வெறும் சிவப்பு இல்லை. சிவப்பு விட்டு விட்டு எரிந்து, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தில் மாமியார் கூவியது. வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அட, இது கம்பெனி ஆளு இல்ல, பஸ் டிரைவரு" என்று காவலாளி சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தி அதை அடக்கினான். "ஆளு தெரியாம கத்துது, விடுங்க."

சிலர் சிரித்தார்கள். இருதயராஜும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். வரிசையில் நின்றிருந்த வேதவல்லி சிரிக்கவில்லை. ஏறுகிறவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பாளோ அப்படி இவன் முகத்தைப் பார்த்தாள். தினமும் ஐம்பது முகத்தைப் பார்த்தவள், ஓட்டுகிறவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வண்டிக்குத் திரும்பினான்.

மதியம் ஷிப்ட் விட்டு எல்லோரும் ஏறியதும் வேதவல்லி நேராக முன்னால் வந்து, இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணா அது?"

"எதும்மா?"

"எங்கிட்ட நடிக்காதீங்க. சட்டப் பையில இன்னா?"

அவளே கையை விட்டு எடுத்தாள். நாலு மிளகாய், இரண்டு காம்பு. காம்புகளைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா?"

"நீங்கல்லாம் பேசிகினு வந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிலம்மா. சத்தம் நின்னதுலேர்ந்துதான்..." என்று இழுத்தான். அப்புறம் ஏரிக்கரையையும் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேதவல்லி மிளகாயை அவன் பையிலேயே திருப்பிப் போட்டாள்.

"அடப்பாவி அண்ணா! அப்ப இத்தினி நாளா எங்க உசுரு ஒங்க பச்ச மொளகாயிலயா தொங்கிகினு இருந்துச்சு?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தவளே அழவும் செய்தாள். நடு சீட்டிலிருந்து தமயந்தி எழுந்து வந்தாள். அவள் பஸ்ஸில் பேசி யாரும் கேட்டதே இல்லை.

"எனக்காகத்தான்க்கா எல்லாம் ஆச்சு. நாளைலேர்ந்து பேசிகினே வாங்க. சிவப்பு வந்தா வந்துட்டுப் போவுது."

"நீ சும்மா இரு" என்றாள் வேதவல்லி. "ஒனக்கும் வேல போவக்கூடாது, அவருக்கும் வேல போவக்கூடாது, நாங்களும் ஏரியில போவக்கூடாது." பேசிக்கொண்டே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். ஒருமுறை படித்தாள். உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தாள். அப்புறம் வீடு வருகிற வரைக்கும் போனில் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வழக்கம்போல எல்லா ஊரிலும் ஏற்றி, கடைசியாகத் தமயந்தியையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஏரிக்கரைக்கு வந்தது. சுற்றுவட்டாரத்து கம்பெனி பஸ்களெல்லாம் வந்து சேருகிற ரோடு அது. கிழக்கே இப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புளியமரங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் வேதவல்லி எழுந்தாள்.

"அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏம்மா, யாருக்காவது வாந்தி வருதா?"

"ஓரங்கட்டுங்க சொல்றேன்."

நிறுத்தினான். அவள் கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சிவப்புல கீற ஆளு மெஷின ஓட்டினா யாரு வேணா நிறுத்தலாமாம். இது மெஷின்தானே? நேத்து மாமியாரு ஒங்களப் பாத்து ஊரக் கூட்டினத நான் கண்ணால பாத்தேன். நிறுத்திட்டேன். போயி படுங்க."

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இன்னாம்மா இது! கம்பெனியில லைன் நின்னுபூடும். காண்டிராக்டரு என்ன உயிரோட விடமாட்டாரு. சாவியக் குடு."

"தர்றேன். தூங்கி எழுந்து கேளுங்க."

"தமயந்திம்மா, நீயாவது சொல்லேன்!"

தமயந்தி நடு சீட்டை விட்டு எழுந்து, தன் துப்பட்டாவை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். "இங்க படுங்கண்ணா. இங்கதான் ஆட்டம் கம்மி" என்றாள். நிற்கிற பஸ்ஸில் ஆட்டமாவது ஒன்றாவது. ஆனால் அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவனுக்கே அவள் திருப்பிச் சொன்னாள். பிள்ளைக்கு முந்தின ராத்திரியும் இழுத்திருக்கிறது என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு அந்த சீட்டு எவ்வளவு தேவை என்று அந்த பஸ்ஸில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஐம்பது பேர் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். போய்ப் படுத்தான். ஒரே நிமிஷம் கண்ணை மூடிவிட்டு எழுந்து சாவியை வாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

கண்ணைத் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

பதறி எழுந்தான். பஸ்ஸில் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருத்தி அவன்மேல் வெயில் படாமல் திரைத் துணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கை வலித்து இப்போதுதான் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். முன் படிக்கட்டில் நிர்மல் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. இவன் எழுந்ததைப் பார்த்ததும் வேதவல்லியைத் திரும்பிப் பார்த்து, "இப்ப பேசலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். எவ்வளவு நேரம் வாயைப் பொத்தி உட்கார வைத்தாளோ தெரியவில்லை.

"பேசுங்க சார். அதான் எழுந்துக்கினாரே."

"சார், என் மேலதான் தப்பு" என்று இருதயராஜ் முந்திக்கொண்டான். "இந்தப் பொண்ணுங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

நிர்மல் வெளியே கையைக் காட்டினார். இருதயராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அவன் வண்டிக்குப் பின்னால், புளியமர நிழலில், ஒன்றன்பின் ஒன்றாக கம்பெனி பஸ்கள். சேத்துப்பட்டு பஸ், மருதாடு பஸ், உத்திரமேரூர் பஸ். கரையின் வளைவு வரைக்கும் நின்றிருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் இல்லை. ஒரு பஸ்ஸின் நடு ஜன்னலில் ஒரு டிரைவரின் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நேத்து எல்லா பஸ்ஸுக்கும் சொல்லிவிட்டேன்" என்றாள் வேதவல்லி. "ஏறினதும் ஒங்க டிரைவரு மொகத்த ஒரு வாட்டி பாருங்கடின்னு. வேற ஒண்ணும் சொல்லல."

நிர்மல் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். மாமியாரின் தங்கை மாதிரி கையடக்கமான ஒரு கண். இருதயராஜின் முகத்துக்கு நேரே பிடித்தார். மஞ்சள் எரிந்தது.

"நேத்து வாசல்ல பதிவானதைப் பார்த்தேன்" என்றார். "எங்க கம்பெனியில இதுவரைக்கும் யாருக்குமே அவ்வளவு சிவப்பு விழுந்ததில்ல. இந்தக் கொஞ்ச நேரத் தூக்கத்துல மஞ்சள் வந்துடுச்சே." அவர் முகத்தில் வெட்கம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "ஐம்பது பேரை வாசல்ல நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவங்களைக் கூட்டிட்டு வர்ற ஆளைப் பார்க்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல."

அவர் கருவியைத் திருப்பும்போது அது தமயந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டது. ஆள் யாரென்றெல்லாம் அதற்கு என்ன கவலை. சிவப்பு.

மூன்றாவது சிவப்பு. தன் தூக்கத்தை இருதயராஜுக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே விழித்திருந்தவள் அவள்.

"சட்டப்படி இப்ப நான் இவங்க அட்டையை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பணும்" என்றார் நிர்மல், யாரையும் பார்க்காமல்.

"அனுப்புங்க சார்" என்றாள் வேதவல்லி. குரல் உயரவில்லை. "வூட்டுக்கு அனுப்பினா அவ தூங்குவான்னா நெனைக்கறீங்க? துணி தொவைப்பா. அரிசி பொறுக்குவா. சிவப்பு வந்த ஆளு ஒங்களுக்கு இங்க ரெண்டு பேரு. ஒருத்தர நாங்க தூங்க வெச்சோம், மஞ்சளாயிட்டாரு. இன்னொருத்திய நீங்க இன்னா பண்ணப்போறீங்க?"

நிர்மல் கீழே இறங்கிப்போய் மரத்தடியில் நின்று போனில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் இங்கே கேட்காவிட்டாலும் கோபம் கேட்டது. கம்பெனியில் லைன்கள் நின்றிருந்தன, ஆனால் நிறுத்தியவர்கள்மேல் நடவடிக்கை இல்லை என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டு பஸ் பஸ்ஸாக ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் நிர்மலும் குரலை உயர்த்தினார். "சார், அந்த விரல் போன பொண்ணை நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஐம்பது பேரை ஏரியிலேருந்து தூக்க என்னால முடியாது" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்து படியில் கால் வைத்தார். தமயந்தியைப் பார்த்தார்.

"உள்ள முதலுதவி அறையில கட்டில் இருக்கு. போய்ப் படும்மா. எழுந்ததும் திரும்பப் பார்ப்போம். பச்சையோ மஞ்சளோ வந்தா வேலை. சம்பளம் பிடிக்க மாட்டாங்க. இனிமே சிவப்புன்னா எல்லாருக்கும் இதுதான்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு மாசம் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. டிரைவருங்களுக்கும் ரெண்டு ஆள் நடை இனிமே கிடையாது. அது காண்டிராக்டர்கூட நான் போடவேண்டிய சண்டை. போடறேன்."

தமயந்தி அப்படியே சீட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டினால் பின்னால் இருக்கிற பஸ்களில் டிரைவர்கள் எழுந்துவிடுவார்கள்.

வேதவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். கொடுத்த கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றாள்.

"இன்னாம்மா?"

"அந்த மொளகாயக் குடுங்க. வூட்டுல கொழம்புக்கு ஆவும்."

பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டான். இன்ஜின் உறுமியதும், பழக்கதோஷத்தில் பஸ் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. ஜன்னல் திரைகளை இழுத்துவிடக் கைகள் நீண்டன. தமயந்திதான் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பேசுங்கக்கா. நான் உள்ள போயி தூங்கிக்கறேன்."

அப்புறம் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏண்டி, அந்த சீரியல்ல செத்துப்போனவ..."

அன்றைக்கு வாசல் காவலாளி வழக்கமான நேரத்தையெல்லாம் தாண்டி ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான். பஸ் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆனால் வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, சத்தம் முன்னாலேயே வந்துவிட்டது.